ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வெளியாகும் நாட்களில் நமது குடியிருப்புகளில் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். மூத்தவனின் மதிப்பெண்ணைச் சொல்லி இளையவளை இடித்துரைப்பர். இளையவளின் பரிசைச் சொல்லி மூத்தவனை இடித்துரைப்பர். "ஒரே சோற்றைத்தானே இருவரும் உண்கிறீர்கள்?" என்பது தாய்மாரின் கேள்வி. அதற்கு விடை காண இம்மாதம் முற்படுகிறோம்.

உடன்பிறந்தார் இருவர், பெற்றோரிடமிருந்து அடையும் மரபுக்கூறுகளில் சராசரியாகப் பாதியளவே பொதுவாக உடையவர் என்று உயிரியல் அறிஞர் கூறுவர். வீடும் இருவருக்கும் ஒரே தன்மையதன்று. மூத்த குழந்தை பிறந்த காலத்தில் தந்தையின் ஊதியம் வேறு, தாயின் உடல்நலம் வேறு. இளைய குழந்தைக்கோ தமக்கையே முதல் ஆசிரியை. ஆகவே ஆற்றல் வேறுபடுவதில் வியப்பொன்றுமில்லை. அவ்வேறுபாடு காலத்தாலும் அமையும், திசையாலும் அமையும்.

காலத்தால் வேறுபட்டவர்க்குச் சென்னையைச் சேர்ந்த வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் சான்றாவர். தந்தையார் வங்கி ஊழியர். சதுரங்கத்தை முதலில் கற்றவர், 2001-இல் பிறந்த வைஷாலியே. அவர் ஆடக் கண்டே நான்காண்டு இளைய தம்பிக்கு ஆவல் பிறந்தது. தம்பியோ 2018 ஜூன் மாதத்தில், 13 வயது நிறையுமுன்னரே கிராண்ட்மாஸ்டர் ஆனார். தமக்கையின் ஆட்டம் அத்தகுதியை எட்டியது 2023 டிசம்பரில், அவரது 22-ஆம் வயதில். இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகளில், "தம்பி ஒருவனே போதும், பெண்ணுக்கு ஏன் இச்செலவு?" என்று பெற்றோர் முடிவு கட்டியிருப்பின், உலகிலேயே கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் அக்காள் தம்பி என்ற புகழ் தமிழகத்துக்கு வாய்த்திராது. 2023-இலும் 2025-இலும் மகளிர் கிராண்ட் சுவிஸ் போட்டியில் முதலிடம் பெற்றவர் அந்தத் தமக்கையே.

திசையால் வேறுபட்டோர் ஸர் சி. வி. ராமனும் அவர்தம் தமையனார் சி. எஸ். ஐயரும். இருவரும் அரசாங்கக் கணக்குத் துறையிற் புகுந்தனர். தம்பி 1917-இல் அவ்வுத்தியோகத்தைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, 1930-இல் நோபல் பரிசு பெற்றார். தமையனார் கணக்குத் துறையிலேயே நிலைத்து, இரயில்வேயிலும் பணிபுரிந்தார், வயலின் வாசித்தார், கர்நாடக சங்கீத இலக்கணம் பற்றி நூல் எழுதினார். அவர் லாகூரில் அலுவல் பார்த்த நாளில், 1910-இல் பிறந்த மைந்தரே, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர். அண்ணனைத் தம்பியின் அளவுகோலால் அளப்பது எவ்வளவு பிழை என்பது இதனால் விளங்கும்.

நமது தீவுகளில் இப்பிழை பொருட்செலவோடு பிணைந்தது. இரயில் ஓடாத இவ்விடத்தில் இரயில்வேச் சீட்டுப் பதியும் அலுவலில் நாம் காண்பது யாதெனில், கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் சென்று சென்னையில் இறங்கி, அப்பாலுள்ள கல்லூரிக்குப் போக ஒரு பிள்ளைக்கு மட்டுமே சீட்டுக் கேட்கப்படுகிறது. பலமுறை அது ஆண்பிள்ளையின் பெயராகவே இருக்கிறது. இருவரையும் அனுப்பக் கையிற் பொருளில்லை என்பது மெய். ஆயினும் அனுப்பப்படாத பிள்ளையின் கணக்கை அன்றே முடித்துவிடலாகாது. முன்னர் போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில் 1967 முதல் அரசுக் கல்லூரி நடைபெறுகிறது. பொறியியற் கல்லூரியும் உண்டு. 2015 முதல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. ஏட்டுப் படிப்பில் நாட்டமில்லாத பிள்ளைக்கும் வழி இல்லாமலில்லை. இத்தீவுகளின் இளைஞர் எசோ ஆல்பன், 2018-இல் உலக இளையோர் சைக்கிள் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றதை நாம் மறத்தலாகாது.

எனவே, சங்கக் குடும்பத்தார்க்கு நாம் விண்ணப்பிப்பது இதுவே. ஒரு பிள்ளைக்காக நகையை அடகு வைக்கும்போது, மற்றப் பிள்ளையின் பெயரிலும் சிறு தொகையேனும் அஞ்சலகத்தில் இடுங்கள். விருந்தினர் முன்னிலையில் ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவதைக் கைவிடுங்கள். பின்தங்கியதாகத் தோன்றும் பிள்ளை எதில் நேரம் போவது அறியாமல் ஈடுபடுகிறது என்பதை ஆசிரியரிடமும் கேளுங்கள்; அப்பிள்ளையிடமே கேட்பின் இன்னும் நன்று.