‘கேஸ்’ என்பது நோயின் பெயரல்ல

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண் வயிற்றுவலி என்று சொன்னால் வீட்டிலும் மருந்துக்கடையிலும் ஒரே பதில்தான்: கேஸ். முதுகுவலி என்றால் நூறுநாள் வேலை. இளைத்தால் வெயில், விரதம், வயசு. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

சேர்த்துப் பார்த்தால்தான் கணையப் புற்றுநோய் கண்ணில் படும். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் இருக்கிறது. அதனால் மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாயும்; மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்தால் சற்றுக் குறையும். பசி போகும், எடை இறங்கும். கட்டி பித்தக்குழாயை அடைத்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளிறும், உடம்பு அரிக்கும். அதற்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அந்த அடைப்பு கீழாநெல்லிக்குத் திறக்காது.

இந்த நோய் யாரிடமும் ஒளிந்துதான் வருகிறது. 2018இல் கோவா முதலமைச்சர் மனோகர் பாரிக்கர் அமெரிக்கா வரை போய்ச் சிகிச்சை பெற்றார். 2019 மார்ச்சில் இறந்தார். கண்டுபிடிக்கும்போது ஐந்தில் ஒருவருக்குக்கூட அறுவை சிகிச்சைக்கு வழியிருப்பதில்லை. ஆனால் நோய் ஒளிவது வேறு. பெண் சொல்லியும் கேளாதிருப்பது வேறு.

மார்பகத்துக்கும் கருப்பைவாய்க்கும் முகாம் நடக்கிறது. கணையத்துக்கு அப்படி எல்லோருக்கும் செய்யும் பரிசோதனை இல்லை. கேள்வி கேட்கலாமே? 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சுகர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. ஐம்பதுக்கு மேல் புதிதாகச் சுகர் வந்து, எடையும் இறங்கினால் கணையத்தைச் சந்தேகிக்க வேண்டும். மாத்திரை தருகிறவர், “ரவிக்கை லூசாயிருச்சா பெரியம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். சாதாரண வயிற்று ஸ்கேனில் குடல் வாயு கணையத்தை மறைத்துவிடலாம். ‘நார்மல்’ என்ற தாளோடு அனுப்பாமல் சி.டி. ஸ்கேனுக்கு எழுதட்டும்.

முற்றிய பிறகு தெரிந்து என்ன லாபம் என்பார்கள். பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தால் அரிப்பு அடங்கும். மார்ஃபின் வலியைத் தணிக்கும். நகை, நிலம், மகளிடம் சொல்ல வேண்டியது என்று எல்லாவற்றையும் தானே முடிவு செய்ய அவளுக்கு நாள் கிடைக்கும். பரிசோதனை முடிவைக் கணவனையும் மகனையும் மட்டும் தனியே கூப்பிட்டுச் சொல்வதை மருத்துவர்கள் நிறுத்த வேண்டும். அவள் உடம்பைப் பற்றிய சேதி முதலில் அவளுக்குச் சேர வேண்டும்.