ஊரின் வரைபடத்தை யார் பார்ப்பது?



வளைகுடா நாட்டில் வெயிலில் உழைத்து மகன் அனுப்பிய பணம், ஓய்வு பெற்ற ஆசிரியரின் சேமநல நிதி, மகளின் திருமணத்திற்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த தொகை ஆகியன நம் குடும்பங்களில் பெரும்பாலும் மனையாகவே உருமாறுகின்றன. மனை வாங்கும் வேளையில் நாம் எத்தனையோ விசாரிக்கின்றோம். நிலத்தடி நீர் நல்ல நீரா, பேருந்து நிறுத்தம் எவ்வளவு தொலைவு, பள்ளியும் மருத்துவமனையும் அருகில் உள்ளனவா என்று கேட்கின்றோம். மூலப் பத்திரத்தையும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வழக்குரைஞரிடம் காட்டுகின்றோம். ஆயினும் அந்நிலத்தின் எதிர்காலத்தை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கும் ஆவணம் ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர் மிகச் சிலரே. நகரமைப்புத் துறையினர் தீட்டும் நிலப்பயன்பாட்டு வரைபடமே அது. இத்திங்கள் அதைப் பற்றி எழுத விழைகின்றோம்.

ஒரு நிலம் யாருடையது என்பதைப் பட்டா கூறும். அது எதற்குரியது என்பதை வரைபடம் கூறும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்னும் சட்டத்தின்கீழ் நகரங்களுக்கு முழுமைத் திட்டம் வகுக்கப்படுகின்றது. அதன்படி ஊரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு பயன்பாட்டு மண்டலத்தில் வைக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலத்திற்கும் ஒரு வண்ணம் தீட்டப்படுகின்றது. வழக்கமாக மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் என்றால் வணிகம், ஊதா என்றால் தொழிற்சாலை, சிவப்பு என்றால் பள்ளி, மருத்துவமனை போன்ற நிறுவனங்கள், பச்சை என்றால் பூங்கா, விளையாட்டுத் திடல், வேளாண்மை. சென்னைப் பெருநகருக்கு 2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம், 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பை இவ்வாறு பிரித்து வைத்தது.

இப்பிரிவினை எதற்காக? என் நிலத்தில் நான் செய்வது என் அண்டை வீட்டாரைத் தொடாமல் இராது. என் வீட்டை ஒட்டி ஒருவர் சாயப்பட்டறை வைத்தால் என் கிணறு கெடும். பள்ளியை அடுத்து லாரிக் கிடங்கு வந்தால் குழந்தைகள் தெருவைக் கடக்க இயலாது. இக்காரணத்தினாலேயே தனியுரிமைக்கு ஓர் எல்லை வகுத்து, இன்ன இடத்தில் இன்னதுதான் வரலாம் என்று சட்டம் கூறுகின்றது. ஆகவே வரைபடத்தின் கோடுகளை அண்டை அயலார் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கை என்றே கொள்ளலாம். ஆனால் உடன்படிக்கை செய்வோர் அதைக் கண்ணால் பார்க்கவாவது வேண்டுமன்றோ?

இந்த எண்ணத்தை நூறாண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் விதைத்தவர் பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர். நகரமைப்பைப் பற்றிய வரைபடங்களையும் படங்களையும் திரட்டிப் பொதுமக்கள் பார்வைக்கென ஒரு பெரும் கண்காட்சியை அவர் அமைத்திருந்தார். 1914ஆம் ஆண்டில் அக்கண்காட்சிப் பொருள்கள் கப்பலேறி இந்தியாவிற்கு வந்துகொண்டிருந்தன. சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல், அச்சரக்குக் கப்பலையும் கடலில் மூழ்கடித்துவிட்டது. கெடிஸ் மனந்தளரவில்லை. நண்பர்களின் உதவியால் புதிய தொகுப்பொன்றைத் திரட்டி, 1915ஆம் ஆண்டில் சென்னையில் காட்சிக்கு வைத்தார். ஊரைத் திருத்துமுன் ஊரை நடந்து பார்க்க வேண்டும், அங்கு வாழ்வோரும் தம் ஊரின் படத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது அவரது உறுதியான கருத்து. 1920ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் தனக்கென ஒரு நகரமைப்புச் சட்டத்தை இயற்றியது. இன்றைய 1971ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு அதுவே முன்னோடி.

நிற்க. வரைபடத்தைப் பாராமல் விட்டதனால் நம் மக்கள் அடைந்த இழப்பைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். நன்செய் நிலங்களில் கல் நட்டு, கொடி கட்டி, ஊராட்சித் தலைவரின் முத்திரையை மட்டும் பெற்று, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்னும் பெயரில் மனைகள் பல்லாண்டுகள் விற்கப்பட்டன. மனைப்பிரிவிற்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் வேண்டும் என்பதைத் தரகர் கூறவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவிற்குத் தடை விதித்தது. அன்று தமிழகமெங்கும் எத்தனை குடும்பங்கள் திகைத்து நின்றன! அவசரத் தேவைக்கு மனையை விற்க இயலவில்லை. வங்கியில் கடனும் கிட்டவில்லை. 2017ஆம் ஆண்டு மே திங்களில் அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்குள் விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி பிறந்தது. ஆயினும் நீர்நிலையிலும் நீரோடும் கால்வாயிலும் அமைந்த மனைகளுக்கு அவ்வழியும் இல்லை. இருத்தலும் ஆகாது.

ஏன் ஆகாது என்பதை 2015ஆம் ஆண்டு டிசம்பர் திங்கள் நமக்குக் கற்பித்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் நீரில் மூழ்கின. வாழ்நாள் சேமிப்பையெல்லாம் கல்லும் சுண்ணாம்பும் ஆக்கியவர்கள் மொட்டை மாடியில் படகிற்காகக் காத்திருந்தனர். ஆறு தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. அதன் இடம் இதுவென்று மனை வாங்கியோருக்கு முன்னதாகவே எடுத்துரைப்பார் இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக எஞ்சிய பரப்பில் 10 விழுக்காட்டைப் பூங்காவிற்கெனவும் விளையாட்டிற்கெனவும் ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்பிற்குத் தானப் பத்திரமாக எழுதித் தர வேண்டும் என்பது விதி. அது நம் குழந்தைகள் ஓடியாடும் இடம். முதியோர் மாலையில் காற்று வாங்கும் இடம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் படி ஒன்றைக் கையில் வைத்திராத தெருவில், அப்பூங்கா மெல்ல மெல்லக் குப்பை மேடாகி, பின்னர் வேலியடைக்கப்பட்டு, இறுதியில் எவரோ ஒருவரின் மனையாகவும் மாறிவிடக்கூடும். இழந்தது எதுவென்றே அறியாதவர்கள் அதை மீட்பது எங்ஙனம்?

ஒருவர் தம் மனைக்காக வரைபடத்தைப் பார்ப்பது தன்னலம் காக்கும் அறிவு. ஊருக்காக அதைப் பார்ப்பது குடிமக்கள் கடமை. இதற்கும் சட்டம் இடமளித்துள்ளது. முழுமைத் திட்டத்தின் வரைவு தயாரானதும் அரசிதழிலும் முன்னணி நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். வரைவைப் பார்வைக்கு வைக்க வேண்டும். எவரும் எழுத்து மூலம் மறுப்பும் கருத்தும் தெரிவிக்க 2 திங்களுக்குக் குறையாத கால அவகாசம் அளிக்க வேண்டும். அவ்விரு திங்களில் அலுவலகத்திற்குச் சென்று பார்ப்போர் யார்? பெருநிலம் உடையோரும் மனை வணிகரும் தம் பொறியாளரை அனுப்பத் தவறுவதில்லை. நெசவாளரும் மீனவரும் கூலி வேலை செய்வோரும் அறிவிப்பு வந்ததைக்கூட அறிவதில்லை. பின்னர் வரைபடத்தில் ஊதா வண்ணம் யாருடைய வீட்டருகே வந்து சேரும் என்று நாம் வியப்படைய வேண்டியதில்லை. வடசென்னையில் மணலியும் எண்ணூரும் ஆலைகளின் பக்கத்திலேயே வாழ்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, வலையும் படகும் கறுத்து நின்றவர்கள் அக்கரையோரத்து மீனவர்களே.

“நாம் எழுதினால் அதிகாரிகள் கேட்டுவிடுவார்களா?” என்று சிலர் வினவுவர். கேட்டே ஆவர் என்று நாம் உறுதி கூறவில்லை. வரைபடம் எப்போதும் எளியோர் பக்கமே நிற்கும் என்றும் கூறவில்லை. ஏழை ஒருவரின் அரை ஏக்கர் மீது சாலைக் கோடு விழுவதும் உண்டு. ஆனால் அவருக்கும் சட்டத்தில் ஒரு காப்பு இருக்கின்றது. பொதுத் தேவைக்கென ஒதுக்கிய நிலத்தை 3 ஆண்டுகளுக்குள் அரசு கையகப்படுத்தாவிடின், அவ்வொதுக்கீட்டிலிருந்து அந்நிலம் விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். இதை அறிந்தவர் கேட்டுப் பெறுவார். அறியாதவர் கோட்டிற்கு அஞ்சி அற்ப விலைக்கு விற்றுவிடுவார். எழுதிக் கொடுத்த மறுப்பு கோப்பில் நிற்கும்; பின்னாளில் நீதிமன்றத்திலும் பேசும். எழுதாத மறுப்பு எங்கும் நில்லாது.

ஆகவே நம் குடும்பத்தினர் செய்யத்தக்கவை சில. மனைக்கு முன்பணம் கொடுக்குமுன் அதன் புல எண்ணைக் குறித்துக்கொண்டு, சென்னைப் பகுதியினர் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலும், பிற மாவட்டத்தினர் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் அந்நிலம் எந்த மண்டலத்தில் உள்ளது என்று கேளுங்கள். மனைப்பிரிவின் அங்கீகார எண்ணைப் பெற்று, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோடு நிலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பூங்கா எங்கே, சாலையின் அகலம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாயின், 2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி அது பதிவு செய்யப்பட்டுள்ளதா என்றும் வினவுங்கள். விலை மலிவு என்று கூறி அவசரப்படுத்தும் தரகரிடம், “படத்தைக் காட்டுங்கள்” என்று சொல்ல நாணவேண்டாம். முகம் சுளிப்பவரிடமிருந்து மனை வாங்காதிருப்பதே நலம்.

பங்கின் இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களில் பொறியியல் பயின்றோரும் கணினி கையாள்வோரும் பலர் உள்ளீர்கள். இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டைத் தன் எல்லையாகக் கொண்டது. அதனைத் தொடரும் மூன்றாம் திட்டம் அடுத்த 20 ஆண்டுகளுக்கு உரியது. பிற நகரங்களின் திட்டங்களும் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. உங்கள் ஊரின் வரைவு பார்வைக்கு வரும் நாளில் அதன் படியொன்றைப் பெற்று வாருங்கள். ஞாயிறன்று மண்டபத்து மேசையில் அதை விரித்து, கண்பார்வை மங்கிய பெரியவர்களுக்கும் எழுத்தறியாத தாய்மார்களுக்கும், “இதோ நம் தெரு, இதோ நம் ஏரி, இதோ வரப்போகும் சாலை” என்று சுட்டிக் காட்டுங்கள். ஏரி முன்பு எதுவரை நின்றது என்பதை அப்பெரியவர்கள் உங்களுக்குக் கூறுவார்கள். அதை எழுதி, கையொப்பமிட்டு, குறித்த நாளுக்குள் உரிய அலுவலகத்தில் சேர்த்து, ஒப்புகைச் சீட்டையும் மறவாமல் வாங்கி வையுங்கள்.