கேட்ட பிறகு காப்பது யார்?
காவிரியில் வெள்ளம் வந்தால் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை. பரிசல் ஓட்டியும் மீன் வறுத்தும் எண்ணெய் தேய்த்துவிட்டும் பிழைக்கும் வீடுகளில் அன்று வருமானம் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் வாடி உட்கார்ந்தால், பசியா, சக பிள்ளைகளின் கேலியா என்று ஆசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டும். சத்துணவு வரிசையில் தட்டோடு தள்ளி நிற்பவனைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். எல்லார் முன்னாலும் எழுப்பி விசாரிக்காமல் தனியே கேளுங்கள். பிள்ளை சொன்ன பிறகு காப்பதுதான் கடினம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர், சக மாணவர்களின் சாதிக் கொடுமை பற்றிப் பள்ளியில் புகார் சொன்ன பிறகுதான் வீடு புகுந்து வெட்டப்பட்டார். இதையடுத்து அமைக்கப்பட்டு 2024இல் அறிக்கை தந்த நீதிபதி சந்துரு குழு, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்றது. சின்னப் பள்ளிகளில் அந்த வேலையும் வகுப்பாசிரியர் தலையில்தான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையாவது கரும்பலகை ஓரத்தில் அழியாமல் எழுதிவையுங்கள்.