வகுப்பில் வராத ஆங்கிலம்

ஆங்கிலம் படிக்க லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோதான் போவார்கள் என்று நினைக்காதீர்கள். பிரேசிலில் இருந்து ஏராளமான இளைஞர்கள் அயர்லாந்துக்குப் போகிறார்கள். மொழிப்பள்ளியில் 25 வாரப் படிப்பு, வாரம் 15 மணி நேர வகுப்பு. படிக்கும்போது வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கவும் அனுமதி உண்டு.

ஆனால் வகுப்பில் பக்கத்தில் இருப்பவரும் பிரேசில்காரர், அறையில் கூடத் தங்குபவரும் பிரேசில்காரர் என்றால் பேச்செல்லாம் போர்த்துகீசியம்தான். "இவங்க யாரோடும் ஒட்டமாட்டாங்க" என்று குறை சொல்வது சுலபம். புது ஊரில் வாடகைக்கு இடம், வேலை எல்லாவற்றுக்கும் கைகொடுப்பது சொந்த நாட்டுக்காரர்தானே? அவர்களை விட்டு விலகச் சொல்வது நியாயமா?

இதற்கு அயர்லாந்திலேயே வழி இருக்கிறது. 2006-ல் மீத் மாவட்டத்தின் சம்மர்ஹில் என்ற ஊரில் 'ஃபால்ச்சே இஷ்ட்யாக்' என்ற திட்டம் தொடங்கியது. உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், வெளிநாட்டில் இருந்து வந்தவர்களோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிப் பழக்குகிறார்கள். கட்டணம் கிடையாது. பெரியவருக்குப் பேச்சுத்துணை, வந்தவருக்கு மொழி!

கட்டணம் வாங்கும் மொழிப்பள்ளிகள் மாணவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு சுற்றுலா போனால் போதாது. வாரம் ஒரு மணி நேரமாவது உள்ளூர்க்காரரோடு பேச ஏற்பாடு செய்வதும் அவர்கள் கடமை என்பது என் கருத்து.

நீங்க என்ன நினைக்கிறீங்க நண்பர்களே?