தாவிக் குதிக்கிற சுகம்



வருசநாட்டில் இலவங்காய் வெடிக்கிற நேரத்தில், ஆசிரியர் பக்கத்தில் பஞ்சு விலையை எழுதாமல் வீடியோ கேமை எழுதுகிறாரே என்று மயிலாடும்பாறைப் பக்கத்து வாசகர்கள் முணுமுணுக்கலாம். என்ன செய்வது, இந்த மாதம் என் ராத்திரியெல்லாம் அதில்தான் போனது.

கேமின் பெயர் ‘ஷவல் நைட்’. 2014இல் வந்தது. வருசநாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் மகன் என் பழைய லேப்டாப்பில் ஏற்றிக்கொடுத்தான். தலை முதல் கால் வரை கவசம் போட்ட ஒரு குட்டி வீரன். கையில் இருப்பது வாளல்ல, மண் அள்ளுகிற ஷவல். எழும்பிக் குதித்து, கீழ் அம்புக்குறியை அமுக்கினால் ஷவல் தரையைப் பார்த்துத் திரும்பும். எதிரி தலையில் அது பட்டதும் ஆள் மறுபடி மேலே எம்புவான். தெம்பு இருந்தால் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு எம்பி எம்பியே, தரையில் கால் படாமல் பள்ளத்தைத் தாண்டிவிடலாம். “மாமா, கீழ் பட்டன விடாதீங்க!” என்று அவன் கத்துவதற்குள் நான் பள்ளத்துக்குள் கிடப்பேன்.

தொண்ணூறுகளில் டிவி கேம் ஆடியவர்களுக்கு இதெல்லாம் பார்த்ததும் பிடிபடும். ஜப்பானின் ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள்தான் நம் ஊர்களுக்கு வந்தன. கேசட்டை உருவி, வாயால் ஊதி, மறுபடி செருகுவோம். மேலே ‘99,99,999 இன் 1’ என்று லேபிள் இருக்கும்; உள்ளே அதே மாரியோ, அதே காண்ட்ரா, இன்னும் நாலைந்து.

1985இல் வந்த அந்த மாரியோ மொத்தமே 40 கேபிதான். வாட்ஸப்பில் வருகிற காலை வணக்கப் படமே பெரும்பாலும் அதைவிடப் பெரியது. இடம் பத்தாததால், வானத்து மேகத்துக்குப் போட்ட படத்தையே பச்சையடித்துத் தரையில் புதராக வைத்துவிட்டார்கள். அந்தக் கால கேம்கள் அத்தனை முரட்டுத்தனமாக இருந்ததற்கும் இந்தப் பற்றாக்குறை ஒரு காரணம். உள்ளே வைத்திருப்பது கொஞ்சம். சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது. அதனால் சாகடித்துச் சாகடித்து முதலிலிருந்து ஆடவைத்தார்கள். மாரியோவில் எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம். சேமித்துவைக்க வழியில்லை. நாலாவது உலகத்தில் கரண்ட் போனால் அன்றைக்கு அவ்வளவுதான். எட்டாவது உலகத்து இளவரசியைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் பக்கம் ரொம்பக் குறைவு.

ஷவல் நைட்டைச் செய்தது அமெரிக்காவின் யாட் கிளப் கேம்ஸ். 2013இல், ஜனங்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 75,000 டாலர் கேட்டார்கள். ஜனங்கள் 3,11,000 டாலருக்கு மேல் கொடுத்துவிட்டார்கள். பழசின் மேல் அத்தனை பாசம். ஆனால் இவர்கள் பழசை அப்படியே காப்பியடிக்கவில்லை. பழைய பெட்டியில் ஒரே கோட்டில் எட்டுக்கு மேல் உருவத் துண்டுகள் வந்தால் படம் மினுக்மினுக்கென்று மறையும். இதில் அது கிடையாது. இத்தனை உயிர்தான் என்ற கணக்கும் கிடையாது. செத்தால் உங்கள் பணத்தில் கொஞ்சம் சிறகு முளைத்த பைகளாக அந்த இடத்திலேயே மிதக்கும். திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம், போகிற வழியில் மறுபடி சாகாமல் இருந்தால். நடுவழியில் நம்மைக் காப்பாற்றுகிற கண்ணாடி உருண்டையைக்கூட உடைத்துக் காசாக்கலாம். பேராசைக்காரர்களுக்கென்றே வைத்தது. நான் ஒவ்வொன்றையும் உடைத்தேன்.

பாட்டு பெரும்பாலும் ஜேக் காஃப்மன். கூடவே, 1987இல் வந்த முதல் ‘மெகா மேன்’ கேமுக்கு இசையமைத்த மனாமி மட்சுமாயேவும் இரண்டு மெட்டுப் போட்டிருக்கிறார். அதே கீச்சுக் குரல்தான், காதுக்கு இதமாக இருக்கிறது.

அக்கா மகன் பிறந்தது மெமரி கார்டு காலத்தில். கேசட்டை அவன் ஊதியதே இல்லை. ஆனாலும் பிடித்திருக்கிறது என்றால், பழைய நினைப்பு மட்டும் காரணமில்லை. பட்டனை அமுக்கினதும் ஆள் குதிக்கிறான், சரியான இடத்தில் விழுகிறான். அந்தச் சுகம் யாருக்கும் பிடிக்கும். இப்போது இரண்டு பேர் சேர்ந்து ஆடும் வசதியும் இருக்கிறது. அதில் என் வேலை, முன்னால் போய்ச் சாவது.

அந்த நாளில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று டிவி கேம் கடை நடத்தியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த இதழில் போடுகிறோம். அந்த 99 லட்சம் ஆட்டத்தை எண்ணியது யார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.