கடையைத் தாண்டி ஒரு கடை

அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை 2023-இல் தமிழக அரசு தொடங்கியது. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 35 சதவீத மூலதன மானியம், 6 சதவீத வட்டி மானியம் இதில் உண்டு. இயந்திரம் வந்துவிடும். ஆனால், காலனியில் போட்ட கடைக்கு ஊர்த்தெருவிலிருந்து ஆள் வருவார்களா? தைக்கத் துணி கொடுப்பவர்கூட, தின்பண்டம் வாங்கத் தயங்குவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்தத் தடையைத் தாண்ட முகநூலும் இன்ஸ்டாகிராமும் உதவும். செக்கு எண்ணெயோ, பறையோ, தோல் செருப்போ, வெளிமாவட்டத்துக்கும் விற்கலாம். நம்மவர்கள் பலர் பக்கம் தொடங்கி, தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பக்கமும் ஒரு கடைதான்; தினமும் திறக்க வேண்டும்.

முகநூலில் சொந்தக் கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. எனவே, தொழிலுக்குத் தனிப் பக்கம் வேண்டும். பொருள் உருவாவதைக் கைப்பேசியில் படமெடுத்துப் போடுங்கள். விலை, அனுப்பும் செலவு, வாட்ஸ்அப் எண் தெளிவாக இருக்கட்டும். கேட்டவருக்கு அன்றே பதில் சொல்லுங்கள். காசு கொடுத்து 'லைக்' வாங்குவது வீண். கல்லூரி மாணவர்கள் வாரத்தில் சில மணி நேரத்தைப் பெற்றோரின் தொழிலுக்கு ஒதுக்கலாம்.

முகவரியை மறைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே நம் கருத்து. நல்ல பொருள் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதும் வாங்குபவருக்குத் தெரியட்டும்.

கடனுக்குப் பரிந்துரைக்கும் மாவட்டத் தொழில் மையம், விற்பனைக்கான இந்தப் பயிற்சியையும் சேர்த்தே தர வேண்டும்.