கெல்லி கோட்டைக்குப் பக்கத்துக் கோயில்

கேரி தீவுக்குப் பாலம் ஏறும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். காடழித்து ரப்பர் நட்டு, பிறகு செம்பனை நட்டு உழைத்தவர்கள் எத்தனையோ பேர். தீவுக்குப் பெயர் மட்டும் எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற துரையுடையது. அவராவது பெயரோடு நிறுத்திக்கொண்டார். பேராக்கில் இன்னொரு துரை ஒரு கோட்டையையே விட்டுப் போயிருக்கிறார்.

பத்துகாஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் இருக்கும் கெல்லி கோட்டைதான் அது. பள்ளி விடுமுறை வந்தால் ஈப்போ போகிற நம் குடும்பங்கள் அங்கும் ஒரு எட்டுப் போய்வரும். பிரான்சில் இருப்பதுபோல மன்னர் காலத்துக் கோட்டை என்று நம்பி வரும் பிள்ளைகளும் உண்டு. நூறு வருடம் சொச்சம்தான் ஆகிறது. போர் எதையும் பார்க்காத கோட்டை. ரப்பர் பணத்தில் எழுந்த வீடு.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1890இல், 20 வயதில், ஸ்காட்லாந்திலிருந்து மலாயா வந்தார். காடழிக்கும் வேலையில் சம்பாதித்து, கிந்தாவில் 1,000 ஏக்கர் வாங்கி ரப்பர் போட்டார். சொந்த ஊரான கெல்லாஸின் நினைவாகத் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். மகன் பிறந்த 1915இல், இருந்த பங்களாவோடு சேர்த்து ஆறு மாடிக் கோபுரம் வைத்த மாளிகையைத் தொடங்கினார். மலாயாவின் முதல் லிஃப்ட் அங்கேதான் ஓடியிருக்க வேண்டும். அதற்கு விட்ட இடம் இன்றும் காலியாகவே கிடக்கிறது.

கட்ட வந்தவர்கள் நம்மவர்கள். 70 கைவினைஞர்களைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்து கப்பலேறின. அந்த வளைவுகளைப் பார்த்தால் சென்னை உயர்நீதிமன்றம் ஞாபகம் வரும். நம் மெர்டேக்கா சதுக்கத்து சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கும் தூரத்துச் சொந்தம்தான்.

வேலை நடக்கும்போதே ஸ்பானிஷ் காய்ச்சல் வந்தது. தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் துரையிடம் போய், அம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். கட்டிக் கொடுத்தார். நன்றிக்கு அவர்கள் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்த இடம்: கோயிலின் மேலே, தெய்வச் சிலைகளோடு, வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகத் துரையையும் நிற்க வைத்துவிட்டார்கள்! இதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், ஏதோ உறுத்தவும் செய்யும்.

1926இல் ஸ்மித் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்தார். லிஃப்ட் வாங்கப் போன இடத்தில் என்று ஒரு பேச்சு உண்டு. மனைவி ஆக்னஸ் திரும்பி வரவில்லை. சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் கம்பெனிக்குப் போனது. மாளிகை முடியாமலே காடு மண்டிக் கிடந்தது. பிறகு சுற்றுலா வந்தது, 1999இல் ஹாலிவுட் படப்பிடிப்பு வந்தது, பேய்க்கதைகளும் வந்தன. பேய் என்றால் எல்லாருக்கும் துரைதான். காய்ச்சலில் செத்த நம் ஆட்களைப் பேயாகக்கூட யாரும் நினைக்கவில்லை.

கோயில் அங்கிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். போனமுறை நான் போனபோது எங்கள் சித்தி, "கட்டினவங்க பேரு எங்கேயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார். தேடினேன். என் கண்ணில் படவில்லை.

உங்கள் தாத்தாவோ பாட்டியோ கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் இருந்தவர்களா? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.